மானிட்டரை உயர்த்திய பிறகு பிடரி வலி கூடிவிட்டது: எங்கே தப்பு?

ஜனவரி 6, காலை – கேள்வி

வயது 47. கணக்கு வேலை, நாள் முழுக்கக் கம்ப்யூட்டர். மானிட்டரின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்க வேண்டும் என்று பல இடங்களில் படித்துவிட்டு, அடியில் பலகை வைத்து உயர்த்தினேன். முதுகைத் தாங்குகிற நல்ல நாற்காலியும் வாங்கிவிட்டேன். மூன்று வாரம் ஆகிறது. பிடரி வலி குறையவில்லை, கூடியிருக்கிறது. சாயங்காலம் ஆனால் பின்தலை கனக்கிறது. இன்னும் எப்படி நிமிர்ந்து உட்கார்வது?

ஜனவரி 6, இரவு – பதில்

கண்ணாடி போடுகிறீர்களா? என்ன கண்ணாடி? நாற்காலியைப் பற்றி அப்புறம் பேசலாம்.

ஜனவரி 7

புரோகிரசிவ் லென்ஸ், போட்டு நான்கு மாதம் என்கிறீர்கள். அப்படியானால் அந்தப் பலகையை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். மீதியை எடுத்த பிறகு படித்துக்கொள்ளலாம்.

புரோகிரசிவ் லென்ஸில் மேல்பகுதி தூரத்துக்கு, கீழ்ப்பகுதி வாசிப்புக்கு. இரண்டுக்கும் நடுவே ஒடுக்கமாக ஒரு வழி இருக்கிறது. கை நீட்டினால் தொடும் தூரத்தில் உள்ளவை அதன் வழியாகத்தான் தெளிவாகத் தெரியும். மானிட்டர் இருப்பது சரியாக அந்தத் தூரத்தில். அதை மேலே தூக்கி வைத்தால், லென்ஸின் அந்தப் பகுதியை எழுத்துக்கு நேராகக் கொண்டுவர முகவாயைத் தூக்க வேண்டியிருக்கும். தூக்குவது உங்களுக்கே தெரியாது. எழுத்து துலங்கும் இடத்தைத் தேடித் தலை தானாகப் பின்னால் சாயும், அங்கேயே நின்றுவிடும். மண்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் உள்ள சின்னத் தசைகள் எட்டு மணி நேரம் சுருங்கியபடியே கிடக்கும். பின்தலைக் கனம் அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

கண் மட்ட விதியில் தப்பில்லை. கண்ணாடி இல்லாதவர்களுக்கும், லென்ஸ் முழுக்க ஒரே பவர் இருப்பவர்களுக்கும் அது பொருந்தும். வெள்ளெழுத்து பொதுவாக 40 வயதை ஒட்டித் தொடங்குகிறது. அந்த வயதைத் தாண்டியவர்களுக்கும் அதே படத்தைக் காட்டுகிறார்களே, அதுதான் எனக்கு வருத்தம்.

இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 44 வயதில் எனக்கும் இதே கதை. பதினொரு மாதம் கழுத்து வலி. தலையணையை இரண்டு முறை மாற்றினேன், பயிற்சிகள் செய்தேன், நாற்காலியின் ஒவ்வொரு திருகையும் திருகிப் பார்த்தேன். சிகிச்சைக்குப் போன இடத்தில் எத்தனை மணி நேரம் உட்காருகிறீர்கள் என்று கேட்டார்கள், எப்படிப் படுக்கிறீர்கள் என்று கேட்டார்கள். கண்ணாடியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கடைசியில், பக்கத்தில் வேலை செய்யும் நண்பர் ஒருநாள் நான் கவனிக்காதபோது பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துக் காட்டினார். மொட்டை மாடியில் நிற்கும் ஒருவரோடு பேசுகிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

நீங்களும் அப்படி ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். வேலையில் ஆழ்ந்து அரைமணி நேரமாவது ஆன பிறகு, சொல்லாமல் எடுக்க வேண்டும். சொல்லிவிட்டு எடுத்தால் எல்லோரும் நிமிர்ந்துவிடுவார்கள்.

ஜனவரி 9

முந்தாநாள் எழுதியது பாதிதான்.

பலகையை எடுத்ததும் என் மானிட்டரின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு ஒரு சாண் கீழே வந்தது. மேல்பக்கம் கொஞ்சம் பின்னால் சாயும்படி வைத்தேன். பத்து நாளில் கழுத்து தளர்ந்தது. ஆனால் புரோகிரசிவ் லென்ஸில் அந்த நடுவழி ஒடுக்கமானது என்பதால், அகலமான திரையின் ஓரங்களைப் பார்க்கத் தலையை இடமும் வலமும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. நீங்கள் கணக்கு வேலை செய்கிறவர். பத்திகள் நிறைந்த அட்டவணையில் இது இன்னும் மோசமாக இருக்கும்.

முழுத் தீர்வு கம்ப்யூட்டருக்கென்று தனிக் கண்ணாடிதான். வழக்கம்போல உட்காருங்கள். யாரையாவது டேப் பிடிக்கச் சொல்லி, கண்ணிலிருந்து திரை வரை எத்தனை செ.மீ. என்று அளந்து அந்த எண்ணைக் கண் பரிசோதனைக்கு எடுத்துப் போங்கள். என் தூரம் 64 செ.மீ. கணக்கு எளிது: 1-ஐ மீட்டரில் உள்ள தூரத்தால் வகுத்தால் கண்ணுக்குத் தேவைப்படும் குவிப்பு டயாப்டரில் (லென்ஸ் பவரை அளக்கும் அலகு) வரும். புத்தகம் 40 செ.மீ. தூரத்தில் என்றால் 2.5. திரை 64 செ.மீ. தூரத்தில் என்றால் ஏறத்தாழ 1.6. வாசிப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்ப்பவர்கள் ஏன் மேஜை மேல் கவிழ்கிறார்கள் என்பது இந்த இரண்டு எண்களிலேயே தெரிந்துவிடும். அந்தக் கண்ணாடி 40 செ.மீ.க்கு வரச் சொல்கிறது, முகம் அங்கே போகிறது.

இதிலிருந்து நான் எனக்கென்று ஒரு வரிசை வைத்திருக்கிறேன். கண் எங்கே போகிறதோ அங்கே தலை போகும். தலை போன பக்கம் முதுகு போகும். அதனால் எதையும் கண்ணிலிருந்து தொடங்கித் திருத்துவேன், நாற்காலி கடைசி.

ஜனவரி 10

கண்ணாடி போடாதவர்களுக்கும் ஒரு வரி. திரையை நோக்கி முன்னால் சாய்கிறீர்கள் என்றால், முதலில் எழுத்தைப் பெரிதாக்குங்கள். 125 சதவீதம் வைத்து ஒரு வாரம் பாருங்கள். முதல் நாள் எல்லாம் பூதாகரமாகத் தெரியும், மூன்றாம் நாள் மறந்துவிடும்.

ஜனவரி 14

கண் எரிச்சலைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

சாதாரணமாக நிமிடத்துக்கு 15 முதல் 20 முறை கண் சிமிட்டுகிறோம். திரையைப் பார்க்கும்போது அது வெகுவாகக் குறைகிறது. சிமிட்டினாலும் இமை முழுக்க மூடாமல் பாதியில் திரும்பிவிடுகிறது. கண்ணீர்ப் படலம் காய்கிறது, எரிகிறது. மானிட்டரைத் தாழ்த்தச் சொன்னதற்கு இங்கே இன்னொரு ஆதாயம் உண்டு. மேலே பார்க்கும்போது இமை விரியத் திறந்திருக்கும், காற்று படும் பரப்பு அதிகம். கீழே பார்த்தால் இமை பாதி இறங்கி இருக்கும், கண் அவ்வளவு சீக்கிரம் காயாது. விசிறிக் காற்றோ ஏசி காற்றோ நேராக முகத்தில் அடிக்கிறதா என்றும் பாருங்கள். நான் மேஜையைத் திருப்பிப் போட்டதில் பாதி எரிச்சல் போனது.

20-20-20 என்று சொல்வார்கள்: 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது, 20 விநாடி பார்ப்பது. 20 அடி என்பது சுமார் 6 மீட்டர். அந்தத் தூரத்தில் கண்ணின் குவிப்புத் தசை கிட்டத்தட்ட முழுதாகத் தளர்ந்துவிடும் என்பதுதான் காரணம். எண்களை மந்திரம் போலப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறேன், அவ்வளவுதான். பார்க்கும்போதே நாலு முறை அழுத்தமாகக் கண்ணை மூடித் திறக்கிறேன். எனக்கு அதிகம் பலன் தந்தது அந்த நாலு முறைதான்.

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023-இல் 17 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. சாதாரண லென்ஸோடு ஒப்பிட்டபோது கண் சோர்வு குறைந்ததாகத் தெரியவில்லை. அந்தச் செலவைச் சரியான தூரத்துக்கான கண்ணாடியில் போடுங்கள்.

ஜனவரி 19

"நிமிர்ந்து 90 டிகிரியில் உட்கார்ந்தாலே எல்லாம் சரியாகிவிடும், கண்ணாடிக் கதையெல்லாம் எதற்கு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

90 டிகிரியை நான் ஏற்கவில்லை. ஸ்வீடனின் ஆல்ஃப் நாகெம்சன் 1960-களில் முதுகெலும்பு டிஸ்க்குக்குள் (எலும்புகளுக்கு நடுவில் மெத்தை போல இருப்பது) ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை நேரடியாக அளந்தார். நிற்பதைவிட, சாய்மானம் இல்லாமல் உட்காரும்போது அழுத்தம் கூடுதல் என்று அவருடைய அளவைகள் காட்டின. நிற்பது 100 என்றால் உட்காருவது 140. உட்காருவதே முதுகுக்குப் பகை என்று நான் சொல்வது இதனால்தான்.

ஜனவரி 21

மேலே எழுதிய கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். மருத்துவம் படித்த ஒருவர் தனியாக எழுதித் திருத்தினார், அவருக்கு நன்றி.

ஜெர்மனியின் வில்கே குழு 1999-இல் நவீன கருவியால் இதையே மறுபடி அளந்தது. நிதானமாக நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு). சாய்மானம் இல்லாமல் தளர்ந்து உட்காரும்போது 0.46. அதாவது ஏறக்குறைய ஒன்றுதான். முதுகை வலிந்து நிமிர்த்தினால் 0.55. நாற்காலியில் சரிந்து சாய்ந்தால் 0.3. வில்கே அளந்தது ஒரே ஒருவரை. ஆனாலும் அதே மனிதரின் உடம்பில் நாள் முழுக்க அளந்திருக்கிறார்கள், ஒன்றோடொன்று ஒப்பிட முடிகிறது. "உட்கார்ந்தால் டிஸ்க் நசுங்கும்" என்று நான் பல வருடம் பலரிடம் சொல்லியிருக்கிறேன். இனி சொல்ல மாட்டேன்.

எனக்குப் பிடித்தது அந்த 0.55-தான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார் என்று சின்ன வயதிலிருந்து கேட்ட அதட்டல், டிஸ்க்குக்குச் சலுகை எதுவும் தரவில்லை.

ஜனவரி 22

அப்போது சாய்ந்தே வேலை செய்யலாமா என்ற கேள்வி உடனே வந்தது. வரும் என்று தெரியும்.

2006-இல் ஸ்காட்லாந்தில் 22 பேரை உட்கார வைத்தே எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். 135 டிகிரிச் சாய்வில் டிஸ்க்குகள் மிகக் குறைவாக நகர்ந்தன. செய்தி வந்ததைப் பார்த்துவிட்டு நானும் சாய்ந்து பார்த்திருக்கிறேன். முதுகு சுகமாக இருந்தது. ஆனால் திரை மேஜையிலேயே நின்றது. அதைப் பார்க்கக் கழுத்தை மட்டும் முன்னால் நீட்டினேன், கீபோர்டுக்காகக் கையை முழுக்க நீட்டினேன். இரண்டு மணி நேரத்தில் தோள்பட்டை கல்லானது. திரையும் கீபோர்டும் கூடவே வர முடியாதென்றால் 135 படுக்கை மாதிரிதான், வேலைக்கு ஆகாது. இப்போது 100-க்கும் 110-க்கும் நடுவில் வைத்திருக்கிறேன். சாய்மானத்தின் பூட்டைத் திறந்தே விட்டிருக்கிறேன், உடம்போடு அது முன்னும் பின்னும் அசையட்டும். பூட்டைத் திறந்து வைப்பதற்குச் செலவில்லை. உங்கள் புது நாற்காலியிலும் அந்த நெம்புகோல் இருக்கும், தேடுங்கள்.

பிப்ரவரி 2

கை மரத்துப்போவது. மவுஸால் வந்ததா, மணிக்கட்டுப் பட்டை வாங்கலாமா என்று கேட்டவருக்கு: எந்த விரல்?

இதை முதலில் கேட்டிருந்தால் எனக்கு ஆறு மாதம் மிச்சமாகியிருக்கும். மணிக்கட்டில் ஒரு குறுகிய சுரங்கம் இருக்கிறது. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் அதன் வழியாகத்தான் போகின்றன. அங்கே நெரிசல் வந்தால் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி, இவை மரக்கும். ராத்திரி தூக்கத்தில் எழுந்து கையை உதறுவது இதன் அடையாளம். தூங்கும்போது மணிக்கட்டை மடங்காமல் நேராக வைக்கும் பட்டை இதற்கு உதவும்.

எனக்கு மரத்தது சுண்டுவிரல். கூடவே மோதிர விரலில் சுண்டுவிரலை ஒட்டிய பக்கம். அந்த விரலுக்குப் போகும் அல்நார் நரம்பு மணிக்கட்டுச் சுரங்கத்துக்குள் போவதே இல்லை. முழங்கையின் உள்பக்கம், எங்கேயாவது இடித்தால் சுரீரென்று மின்சாரம் பாயுமே, அந்த இடத்தில் தோலுக்கு அடியிலேயே போகிறது. மணிக்கட்டுப் பட்டையை மாதக்கணக்கில் போட்டுக்கொண்டு, நாற்காலியின் கெட்டியான கைப்பிடியில் முழங்கையை ஊன்றியபடியே வேலை செய்திருக்கிறேன். கைப்பிடியைத் தாழ்த்தினேன். தூங்கும்போது முழங்கையை மடக்கித் தலைக்கு அடியில் வைக்கும் பழக்கத்தை ஒரு துண்டைச் சுற்றிக் கட்டி நிறுத்தினேன். ஏழெட்டு வாரம் பிடித்தது, ஆனால் போய்விட்டது.

கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டு, விரலை அசைத்தாலே வலிக்கிறது என்றால் அது வேறு: தசைநாணைச் சுற்றிய உறையில் வரும் கோளாறு. ஸ்விட்சர்லாந்தின் டி கெர்வான் என்ற அறுவை மருத்துவர் 1895-இலேயே விவரித்தார், அவர் பெயரே நிலைத்துவிட்டது. கைபேசியில் கட்டைவிரலால் ஓயாமல் தட்டுகிறவர்கள் அந்தப் பக்கமும் யோசிக்கலாம்.

பிப்ரவரி 3

நேற்றே சொல்ல மறந்தது. கீபோர்டின் பின்னால் இரண்டு குட்டிக் கால்கள் இருக்கும். அவற்றை மடக்கிவிடுங்கள். நீட்டி வைத்தால் கை மேல்நோக்கி வளைந்தபடியே தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். முன்பக்கம் போடும் மெத்தைப் பட்டை, தட்டச்சை நிறுத்தும்போது கையை வைக்க மட்டும். அழுத்திக்கொண்டே தட்டினால் அந்தச் சுரங்கத்தின் மேலேயே அழுத்துகிறீர்கள்.

அப்புறம், எண் பலகை இல்லாத குட்டைக் கீபோர்டில் மவுஸ் உடம்புக்கு அருகே வரும், தோள் வெளியே விரியாது. கணக்கு எழுதுகிறவருக்கு எண் பலகை வேண்டுமே என்று நீங்கள் சொல்வது சரிதான். தனியாகக் கிடைக்கிறது. இடப்பக்கம் வைத்துப் பாருங்கள்.

பிப்ரவரி 8

இது கொஞ்சம் விலகல்தான், ஆனால் தமிழில் நிறையத் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இதில் விஷயம் இருக்கிறது.

"வணக்கம்" என்று ஒலிபெயர்ப்பு முறையில் (ஆங்கில எழுத்துகளில் vaNakkam என்று) அடிக்க 8 எழுத்துகள், ணகரத்துக்காக ஷிப்ட் ஒன்று, ஆக 9 அழுத்தல். தமிழ்99 என்ற கீபோர்டு அமைப்பில் வ, ண, க, க, ம, புள்ளி: 6. அடுத்தடுத்து இரண்டு ககரம் வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். தமிழ் எழுத்துகளுக்கு ஷிப்ட் தேவையில்லை, கிரந்த எழுத்துகளுக்கு மட்டும்தான் வேண்டும். ஒலிபெயர்ப்பில் ண, ள, ற எல்லாவற்றுக்கும் சுண்டுவிரல் ஷிப்ட்டை அழுத்திக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு ஆயிரம் சொல் எழுதுகிறவருக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கம் என்பதால் வேலை இரண்டு கைகளுக்கும் மாறி மாறிப் போகிறது.

மாறினேன். முதல் மூன்று வாரம் எழுத்துக்கு எழுத்து தேட வேண்டியிருந்தது, அந்த எரிச்சலை மறைக்கவில்லை. ஒரு மொழிபெயர்ப்பின் நடுவில் மாறியது தப்பு. வேலை இல்லாத வாரத்தில் மாறுங்கள்.

பிப்ரவரி 15

கேள்வி கேட்டவரின் செய்தி: பலகையை எடுத்ததில் பாதி சரியாகிவிட்டது, ஆனால் மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நாட்களில் மட்டும் பழைய வலி அப்படியே திரும்புகிறது. அதே மேஜை, அதே திரை.

இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி தொழில் சார்ந்த நோய்களைப் பற்றி எழுதிய நூல் 1700-இல் வந்தது, 1713-இல் விரித்து எழுதினார். அதில் எழுத்தர்களின் நோய்க்கு மூன்று காரணம் சொல்கிறார். ஓயாமல் உட்கார்ந்திருப்பது. கையை எப்போதும் ஒரே திசையில் ஒரே விதமாக அசைப்பது. மூன்றாவது, கணக்கில் பிழை விழுந்துவிடக் கூடாதே, முதலாளிக்கு நட்டம் வந்துவிடக் கூடாதே என்ற மன இறுக்கம். இறகுப் பேனாக் காலத்தில் எழுதியது. நாற்காலியும் சொல்லியாயிற்று, மவுஸும் சொல்லியாயிற்று, மாதக் கடைசியும் சொல்லியாயிற்று.

அந்த நாட்களில் உங்கள் தோள்கள் எங்கே இருக்கின்றன என்று கவனியுங்கள். என்னுடையவை காதை நோக்கி ஏறிவிடும். பல்லைக் கடிப்பேன், மவுஸை நொறுக்கிவிடுவது போலப் பிடிப்பேன். எந்த மேஜையும் இதைத் திருத்தாது. நான் இப்போது செய்வது ஒன்றுதான்: ஒரு கோப்பைச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் மூச்சை விட்டுத் தோளைக் கீழே விடுகிறேன். சேமிப்பது எப்படியும் நடக்கிற காரியம் என்பதால் இது மறப்பதில்லை. அலாரம் வைத்துப் பார்த்தேன், இரண்டாம் நாளே அணைத்துவிட்டேன்.

கெடு நாட்களில் வேலையைக் குறைக்க முடிந்தவர்கள் குறைக்கட்டும். முடியாதவர்களைப் பார்த்து "ஓய்வெடுங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் அந்த இடத்தில்தான் இருக்கிறேன்.

மார்ச் 1

நின்று வேலை செய்யும் மேஜையைப் பற்றி நான்கு பேர் கேட்டுவிட்டார்கள்.

லண்டன் பேருந்துகளை வைத்து ஜெர்ரி மோரிஸ் 1953-இல் வெளியிட்ட ஆய்வு இந்த விஷயத்தில் பெரிய தொடக்கம். நாள் முழுக்க உட்கார்ந்தே ஓட்டும் ஓட்டுநர்களுக்கு இதயநோய் அதிகம், அதே பேருந்தில் இரண்டு மாடிகளையும் ஏறி இறங்கிக்கொண்டிருந்த நடத்துநர்களுக்குக் குறைவு. இதைச் சொல்லி நிற்கும் மேஜை விற்கிறார்கள். நடத்துநர்கள் சும்மா நிற்கவில்லையே. படி ஏறினார்கள்.

நின்றபடியே ஆறு மணி நேரம் வேலை செய்த ஒரு மாதம் எனக்கு உண்டு. முதுகு வலி போய்க் குதிகால் வலி வந்தது, பாதம் வீங்கியது. ஒரு காலில் சாய்ந்து நிற்கும் பழக்கமும் ஒட்டிக்கொண்டது. அசையாமல் நிற்பதும் அசையாமல் உட்காருவதும் உடம்புக்கு ஏறக்குறைய ஒன்றுதான். நிற்பதால் கூடுதலாகச் செலவாகும் சக்தியும் மணிக்குப் பத்து கலோரியைத் தாண்டாது.

2016-இல் லான்செட் மருத்துவ இதழில் பத்து லட்சத்துக்கும் அதிகமானவர்களின் தரவுகளைத் தொகுத்த ஆய்வு வந்தது. தினம் 60 முதல் 75 நிமிடம் மிதமான உடல் உழைப்பு இருப்பவர்களிடம், எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்காருவதால் கூடும் இறப்பு அபாயம் ஏறக்குறைய மறைந்துபோனது. ஒரு மணி நேரம் என்பது நிறைய, தெரியும். என்னால் நாற்பது நிமிடம்தான் முடிகிறது. அதற்கு மேல், தண்ணீர்க் குவளையைச் சின்னதாக்கிவிட்டேன். தீர்ந்தால் எழுந்து போய்த்தானே ஆக வேண்டும்.

எழுந்திருக்க வேண்டும் என்பதை நான் லேசாகச் சொல்லவில்லை. நியூசிலாந்தில் 32 வயதுக்காரர் ஒருவர், சில நாட்களில் 18 மணி நேரம் வரை கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தவர். காலில் உறைந்த ரத்தக்கட்டு நுரையீரலுக்குப் போய் உயிருக்கே ஆபத்தானது. மருத்துவர்கள் 2003-இல் அதை ஆய்விதழில் பதிவு செய்தார்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் "உட்கார்ந்தே இருந்ததால்தான்" என்று தேய்த்துவிட்டு இருக்காதீர்கள், அன்றைக்கே காட்டுங்கள்.

மார்ச் 2

கண்ணிலிருந்து தொடங்கு, நாற்காலி கடைசி என்று ஜனவரியில் எழுதினேன். அது எல்லோருக்கும் பொருந்தவில்லை.

நேற்று உடன் வேலை செய்யும் ஒரு பெண்ணின் முதுகு வலிக்கு இந்த வரிசைப்படி எல்லாம் செய்து பார்த்தோம். திரை சரி, கண்ணாடி கிடையாது, எழுத்து பெரிது. பிறகுதான் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். கால் தரையில் படவில்லை. மேஜைகள் பெரும்பாலும் 73 செ.மீ. உயரத்துக்குச் செய்யப்படுகின்றன, உயரமானவர்களுக்கான அளவு அது. அந்தக் கீபோர்டை எட்ட அவர் நாற்காலியை ஏற்றியிருக்கிறார். கால் தொங்குகிறது, நாற்காலியின் விளிம்பு தொடையை அறுக்கிறது. அந்த வலிக்குப் பயந்து நுனிக்கு நகர்ந்து உட்காருகிறார். முதுகுச் சாய்மானம் இருந்தும் நாள் முழுக்க முதுகு அதைத் தொடவே இல்லை. இரண்டு பழைய காகிதக் கட்டுகளைக் காலுக்கு அடியில் வைத்தோம். பின்னால் நகர்ந்து உட்கார்ந்து "அப்பாடா" என்றார்.

ஆக, குட்டையானவர்கள் பாதத்திலிருந்து தொடங்குங்கள். நான் உயரம், அதனால்தான் எனக்கு இது தோன்றவே இல்லை.

மார்ச் 9

லேப்டாப். இரண்டே வரி எழுத நினைத்தேன், ஐந்து கேள்வி வந்திருக்கிறது.

திரையும் கீபோர்டும் ஒட்டியிருக்கும் வரை ஒன்றுக்குச் சரியாக வைத்தால் மற்றதற்குத் தப்பாகும். கழுத்து சரியாக இருக்கும்படி உயர்த்தினால் கை அந்தரத்தில் நிற்கும். கை சரியாக இருக்கும்படி தாழ்த்தினால் கழுத்து கவிழும். தனிக் கீபோர்டும் மவுஸும் போட்டு, லேப்டாப்பைப் புத்தகங்களின் மேல் ஏற்றிவிடுங்கள். புரோகிரசிவ் போட்டவர்கள் ஏற்றும்போது ஜனவரி 7-ஐ மறக்க வேண்டாம், பாதி உயரம் போதும்.

தலை 60 டிகிரி கவிழ்ந்தால் கழுத்தில் 27 கிலோ பாரம் என்று ஒரு படம் சுற்றுகிறதே என்று கேட்டார்கள். 2014-இல் வந்தது அது. கணினி மாதிரியில் போட்ட கணக்கு, மனிதக் கழுத்தில் அளந்தது கிடையாது. தலை ஏறக்குறைய ஐந்து கிலோ, முன்னால் போகப் போகப் பின்கழுத்துத் தசை அதிகம் இழுக்க வேண்டும் என்பது உண்மை. அந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. குனிவதற்காகத்தானே கழுத்து, குனிந்தபடியே ஒரு மணி நேரம் விடாதீர்கள்.

மார்ச் 20

ஒருவர் கையில் பலம் குறைகிறது, பொருட்கள் நழுவுகின்றன என்று எழுதிவிட்டு எந்தக் கீபோர்டு நல்லது என்று கேட்கிறார். தயவுசெய்து கீபோர்டை விடுங்கள், மருத்துவரைப் பாருங்கள். மரத்துப்போவது வந்து வந்து போகும் வரை மேஜையைத் திருத்திப் பார்க்கலாம். பலம் குறைந்தாலோ கட்டைவிரலின் அடிச்சதை வற்றினாலோ நரம்பு சேதமாகிறது. முதுகு வலியோடு கால் தளர்ந்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, சிறுநீரை அடக்கவோ கழிக்கவோ முடியாமல் போனாலோ அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

மார்ச் 27

கேள்வி கேட்டவரிடமிருந்து: தனிக் கண்ணாடி வந்துவிட்டது, 61 செ.மீ.க்கு. நான்கு நாளாகப் பின்தலைக் கனம் இல்லை. ஆனால் அதைப் போட்டுக்கொண்டே எழுந்து நடந்தால் தரை மிதக்கிறதாம்.

மிதக்கத்தான் செய்யும், அது தூரத்துக்கான கண்ணாடி இல்லையே. கண்ணாடியை மானிட்டர் அடியிலேயே வைத்துவிட்டு எழுந்திருங்கள். படிக்கட்டில் போட்டுக்கொண்டு இறங்கவே கூடாது. நான் இரண்டு கண்ணாடிக்கும் வேறு வேறு நிறத்தில் சட்டம் வாங்கியிருக்கிறேன், கருப்பு வெளியே போக, சிவப்பு மேஜைக்கு. கழற்றி மாற்றும் அந்த அரைநிமிடத்தில் அப்படியே ஜன்னல் வரை போய்விட்டு வருகிறேன்.

மாதக் கடைசி நெருங்குகிறது. 31-ஆம் தேதி சாயங்காலம் கழுத்து எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.